ஒப்புக்குச் சப்பாணி

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை என் பைக்கை சர்வீஸுக்கு விட்டேன். எங்கள் வீட்டு ரகசியம் ஒன்று வெளியே வந்தது அதனால்தான்.

"சாயங்காலம் வந்து எடுத்துக்குங்க" என்றார் மெக்கானிக். சாயங்காலம் போனால், "பிரேக் ஷூ வரணும் சார், நாளைக்குக் காலைல" என்றார். மெக்கானிக் சொல்லும் 'சாயங்காலம்' எந்தக் கிழமையில் வரும் என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே தெரியும். விதியே என்று பஸ் பிடித்து, தெருமுனையில் இறங்கி, நடந்தே வீடு வந்து சேர்ந்தேன்.

மாடிப்படி ஏறும்போதே எங்கள் ஃப்ளாட்டிலிருந்து ஒரே சிரிப்பு. நடுநடுவே விசில் சத்தம். டி.வி. என்று நினைத்துக்கொண்டு, சும்மா சாத்தியிருந்த கதவைத் தள்ளினேன்.

ஹாலில் பஸ் ஓடிக்கொண்டிருந்தது!

டைனிங் டேபிள் நாற்காலிகள் ஆறும் இரண்டிரண்டாக வரிசையில். முன்னால் ஸ்டூலில் எதிர் ஃப்ளாட் பையன், எவர்சில்வர் தாம்பாளத்தை ஸ்டியரிங்காக ஒடித்துத் திருப்பிக்கொண்டிருந்தான். மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகன்தான் கண்டக்டர். தோளில் அவன் அம்மாவின் பழைய ஹேண்ட்பேக், காதில் பென்சில், வாயில் விசில். நாலு வயசுச் சின்னவள் பின் சீட்டில் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, "பாப்பாவுக்கு டிக்கெட் கிடையாது" என்று கண்டக்டரோடு மல்லுக்கு நின்றாள். அவள் பக்கத்தில் முருங்கைக்காய்க் கட்டோடு ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்திருந்த பயணி, என் சகதர்மிணி!

"மயிலாப்பூர், அடையார், பெசன்ட் நகர் ஏறு! லேடீஸுக்கெல்லாம் ஃப்ரீம்மா. ஆனா டிக்கெட் கண்டிப்பா வாங்கிக்கணும்..."

அப்போதுதான் என்னைப் பார்த்தான்.

விசில் பாதியில் நின்றது. அடுத்த பத்து விநாடியில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாற்காலிகள் டேபிளுக்கு அடியில் போயின. தாம்பாளம் சமையலறைக்குப் போயிற்று. டிரைவர் "வரேன் ஆன்ட்டி" என்று என் கைக்கு அடியில் புகுந்து ஓடிவிட்டான். கண்டக்டர் தரையில் சம்மணம் போட்டுக் கணக்குப் புத்தகத்தைப் பிரித்துவிட்டான். பதற்றத்தில் எழுத எடுத்து வைத்திருந்தது ஹிந்தி நோட்டு! நடு ரோட்டில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறிவிட்டால் பஸ்ஸில் ஒரு மௌனம் பரவுமே, அதே மௌனம்.

"இன்னிக்கு பைக் சத்தமே கேக்கலையே?" என்றாள் மனைவி, முருங்கைக்காயைப் பின்னால் மறைத்துக்கொண்டு.

"சர்வீஸுக்கு விட்டிருக்கேன்" என்றேன். ஷூவைக் கழற்றும்போதுதான் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று மண்டையில் உறைத்தது.

கீழே கேட் அருகில் என் பைக் உறுமும். நான் ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, இரண்டு மாடி ஏறி வர இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷத்துக்குள் தினமும் ஒரு பஸ் டிப்போவுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது! கதவைத் திறந்ததும் தலை குனிந்து படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்துப் பூரித்துப் போவேனே, அது மொத்தமும் டிராமா!

ராத்திரி படுக்கையில் பையன் மெதுவாகக் கேட்டான்: "அப்பா, நாளைக்கும் பைக் சர்வீஸ்லதான் இருக்குமா?"

"ஏண்டா?"

"சும்மாதான் கேட்டேன்."

திரும்பிப் படுத்துக்கொண்டான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

* * *

மறுநாள் ஆபீஸில் உட்கார்ந்து யோசித்தேன். (ஆபீஸை விட்டால் யோசிக்க வேறு எங்கே நேரம்?)

எங்கள் மேனேஜர் ஷூவில் ஒரு 'கிறீச்' உண்டு. காரிடாரில் அந்தக் கிறீச் கேட்டதும் பதினான்கு கம்ப்யூட்டரில் கிரிக்கெட் ஸ்கோர் மறைந்து எக்ஸெல் முளைக்கும். ஒரு விரல் அசைவுதான். சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் நெற்றியைச் சுருக்கி ஸ்க்ரீனை முறைப்பார்கள். பக்கத்து சீட் நண்பர் ஒருபடி மேலே போய், டயலே செய்யாத போனில் "யெஸ் சார், இன்னிக்கே அனுப்பிடறேன் சார்" என்பார்.

மேனேஜர் கெட்டவரில்லை. அவர் டூரில் போனால் நாங்கள் வேலை செய்யாமலும் இல்லை. சொல்லப்போனால் அன்றைக்குத்தான் சிரித்துக்கொண்டே சீக்கிரம் முடிக்கிறோம். ஆனால் அவர் இருக்கும்போது நாங்கள் நாங்களாக இல்லை. பாவம், அவருக்கு இது தெரியாது. "என் செக்ஷனில் எப்பப் பார்த்தாலும் வேலை நடந்துக்கிட்டே இருக்கும்" என்று மற்ற மேனேஜர்களிடம் பெருமை அடித்துக்கொள்வார்.

அந்தப் பெருமைதான் என்னைச் சுட்டது. ஆபீஸில் எவரைப் பார்த்து நாங்கள் சிரிக்கிறோமோ, வீட்டில் நான் அவராக இருக்கிறேன். அவருக்கு ஷூ, எனக்கு சைலன்சர்.

* * *

நான் எப்போது மேனேஜர் ஆனேன்?

2024 டிசம்பரில், சிங்கப்பூரில், நம்ம சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலக செஸ் சாம்பியன் ஆனார் அல்லவா? அன்று ராத்திரி சென்னையில் எத்தனை அப்பாக்கள் தூங்கும் பிள்ளையின் வயதைப் பதினெட்டிலிருந்து கழித்துப் பார்த்தார்களோ தெரியாது. நான் பார்த்தேன். நிறைய டைம் இருந்தது!

எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு செஸ் போர்டு உண்டு. மகன் அதில் தினமும் ராஜாவுக்கும் ராணிக்கும் கல்யாணம் செய்து வைப்பான். குதிரைகள் கனைத்துக்கொண்டு ஊர்வலம் வரும். யானை வாசலில் நிற்கும். சிப்பாய்கள் எட்டுப் பேரும் வரிசையாகப் பந்தியில் உட்காருவார்கள். அதைக் கலைத்து, காய்களை டப்பாவில் போட்டு, அவனை செஸ் கிளாஸில் சேர்த்தேன். விசுவநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் ஆட்டம் சொல்லிக்கொடுத்தது கிளாஸ் அல்ல, வீட்டில் அவர் அம்மா என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? என்னிடம் செஸ் கிளாஸ் விளம்பர நோட்டீஸ் இருந்தது!

ஒன்றோடு நிற்குமா? திங்கள், புதன் அபாகஸ். செவ்வாய், வியாழன் ஹிந்தி. வெள்ளி ஹேண்ட்ரைட்டிங். சனி காலை கீபோர்டு, மாலை செஸ். ஞாயிறு நீச்சல். எல்லாவற்றையும் எக்ஸெலில் போட்டு, ஏழு கலர் கொடுத்து, ஆபீஸ் கலர் பிரிண்டரிலேயே பிரிண்ட் எடுத்தேன். (ஆடிட்காரர்கள் மன்னிக்க.) முடித்துவிட்டுப் பார்த்தால் 7.10-லிருந்து 7.30 வரை ஒரு கட்டம் காலியாக இருந்தது. காலியாக விட மனசு வரவில்லை. மஞ்சள் அடித்து 'விளையாட்டு' என்று டைப் செய்தேன்!

ஃப்ரிட்ஜ் கதவில் அதை ஒட்டியபோது மனைவி பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உங்க எம்.டி.க்குக் கூட இவ்வளவு டைட் ஷெட்யூல் இருக்காதுங்க. அவராவது நடுவுல ரெண்டு மீட்டிங்கைக் கேன்சல் பண்ணுவாரு."

அன்றைக்கு அதை ஜோக் என்று நினைத்தேன்.

* * *

பைக் சம்பவத்துக்குப் பிறகு ஒரு குற்றவாளி தன் கேஸுக்கான சட்டத்தைத் தேடுவது போலத் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட வயிற்றைக் கலக்கியது.

1989-ல் ஐக்கிய நாடுகள் சபை குழந்தைகளின் உரிமைகளுக்கு ஓர் உடன்படிக்கை போட்டிருக்கிறது. அதில் 31-வது ஷரத்து: ஓய்வுக்கும், பொழுதுபோக்குக்கும், வயதுக்கேற்ற விளையாட்டுக்கும் குழந்தைக்கு உரிமை உண்டு. சலுகை அல்ல சார், உரிமை! 1992-ல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் அது இருபது நிமிஷமாகச் சுருங்கிவிட்டது.

அதே 1989-ல், சென்னையில் பிறந்து புரசைவாக்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்த ஆர்.கே. நாராயண் ராஜ்யசபாவில் எழுந்து பேசினார். மால்குடியைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் புத்தக மூட்டையைப் பற்றிப் பேசினார். பிறகு விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் ஒரு கமிட்டி அமைந்து, 1993-ல் அறிக்கை கொடுத்தது. முதுகில் இருக்கும் சுமையை விட, புரியாமல் படிக்கிற சுமைதான் பெரிசு என்றது அது.

2018-ல் நம் சென்னை ஹைகோர்ட் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு ஹோம்வொர்க் கூடாது என்றது. புத்தகப் பை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது 2020-ல் மத்திய அரசின் கொள்கையாகவே வந்துவிட்டது. இதை மனைவியிடம் சொன்னேன்.

"ஸ்கூலுக்குத்தானே கோர்ட் சொல்லிச்சு? வீட்டுக்கு நீங்க ஸ்டே வாங்கிட்டீங்க போல" என்றாள்.

டாக்டர்கள் இன்னும் மோசம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் அதே 2018-ல் ஓர் அறிக்கை விட்டது. செக்கப்புக்கு வரும் கைக்குழந்தைகளுக்கு, தடுப்பூசி விவரத்தோடு விளையாட்டையும் மருந்துச் சீட்டில் எழுதிக்கொடுங்கள் என்கிறார்கள்! அப்பா அம்மாவோடும் மற்ற பிள்ளைகளோடும் கூடி விளையாடுவதில்தான் திட்டமிடவும், பொறுமையாக இருக்கவும், விட்டுக்கொடுக்கவும் மூளை பழகுகிறதாம்.

எனக்கு உறைத்தது சீனக் கணக்கு. குவாங்சோ என்ற ஊரில் பன்னிரண்டு பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிஷம் வெட்டவெளிக்கு அனுப்பினார்கள். மீதிப் பள்ளிகள் வழக்கம்போல. மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், வழக்கம்போல இருந்த பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 40 பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை. வெளியே போனவர்களில் சுமார் 30 பேருக்குத்தான். 2015-ல் வெளிவந்த ஆராய்ச்சி இது. நான் மைனஸ் நாலு. மனைவி மைனஸ் இரண்டரை. பையனுக்காவது தப்பட்டுமே என்று பார்த்தால், வெளிச்சம் இருக்கும் நேரமெல்லாம் அவனை அபாகஸ் கிளாஸின் ட்யூப்லைட்டுக்கு அடியில் உட்கார வைத்திருக்கிறேன்!

* * *

சரி, திருந்திவிடலாம் என்று தீர்மானித்தேன். ஆபீஸ்காரன் திருந்துவது எப்படி இருக்கும் தெரியுமா? திருந்துவதற்கும் ஒரு எக்ஸெல் போடுவான்.

ஞாயிறு மாலை 4.00 முதல் 6.00 வரை, 'அப்பாவுடன் சுதந்திர நேரம்'. பச்சைக் கலர்.

முதல் ஞாயிறு மொட்டை மாடியில் கிரிக்கெட். நான்தான் பௌலிங். பையன் மட்டையைச் சுழற்றினான். "எல்போ மேல இருக்கணும்டா." மறுபடி சுழற்றினான். "பந்தைப் பாரு, என்னைப் பார்க்காதே." இன்னொன்று. "காலை முன்னாடி வெச்சு ஆடு. எத்தனை தடவை சொல்றது?"

பத்து நிமிஷத்தில் மட்டையைக் கீழே வைத்துவிட்டான்.

"அப்பா, இது விளையாட்டா, கிளாஸா?"

"விளையாட்டுதாண்டா!"

"அப்ப எதுக்கு நான் தப்பு தப்பா ஆடறேன்?"

என்ன பதில் சொல்வது? தண்ணீர் டாங்க்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது ஞாயிறு உத்தியை மாற்றினேன். ஒன்றும் சொல்வதில்லை, எதையும் ஏற்பாடு செய்வதில்லை. சாயங்காலம் நாலரை மணிக்கு இரண்டு பேரும் வந்து நின்றார்கள். "போர் அடிக்குதுப்பா."

சார், இந்த வார்த்தையைக் கேட்டால் நம் தலைமுறை அப்பாக்களுக்குக் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகிறது. செல்போனை எடுத்துக் கொடுத்துவிட்டால் முடிந்தது பிரச்னை. நானும் எடுத்தேன். மனைவி கண்ணாலேயே தடுத்தாள். சின்னவளை உத்தேசித்துத்தான். நாலு வயசுக் குழந்தைக்கு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஸ்க்ரீன் வேண்டாம் என்று 2019-லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. எங்கள் வீட்டில் காலை இட்லிக்கே முக்கால் மணி செலவாகிவிடும்.

"அடிக்கட்டுமே" என்றாள் அவள். "போர் அடிச்சா என்ன, காய்ச்சலா வந்துடும்?"

பையன் சோபாவில் தலைகீழாகப் படுத்தான். சின்னவள் சுவரோடு சுவராக உராய்ந்தபடி நடந்தாள். பெருமூச்சு விட்டார்கள். கொஞ்சம் அழுதுகூடப் பார்த்தார்கள். எனக்கோ, டெண்டர் தேதி முடியப்போகிற மாதிரி தவிப்பு. கால்மணி நேரம் போயிருக்கும். பால்கனியில் துணி கிளிப் டப்பா கவிழ்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், கிளிப்பெல்லாம் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு தரையில் ரயிலாகப் போய்க்கொண்டிருந்தது. பக்கெட்தான் சென்ட்ரல் ஸ்டேஷன். ஏழு மணி வரை யாரும் என்னைத் தேடவில்லை.

எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

* * *

நான் வளர்ந்தது மாயவரத்தில். என் அப்பா ஒரு கிளார்க். வீட்டுக்கு வந்த விருந்தாளி "பையன் என்ன படிக்கிறான்?" என்று கேட்டால், அப்பா சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏம்மா, இவன் என்ன படிக்கிறான்?" என்பார். அப்படி ஒரு கண்காணிப்பு!

தெருவில் எந்த மாதம் எந்த விளையாட்டு என்று யாரும் சர்க்குலர் அனுப்பியதில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் எல்லார் கையிலும் பம்பரம் இருக்கும். கோலிகள் ராத்திரியோடு ராத்திரியாக மறைந்திருக்கும். அபீட் எடுக்கத் தெரியாதவன் பம்பரம் வட்டத்துக்குள் போய், ஆணிக் குத்து வாங்கி, உடம்பெல்லாம் ஆக்கரோடு வெளியே வரும். அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு தூங்குவோம். ஆட்டம் கால் மணி நேரம் என்றால், யார் அவுட் என்கிற தகராறு முக்கால் மணி நேரம். தீர்த்துவைக்கப் பெரியவர் எவரும் வரமாட்டார். நாமே கத்தி, நாமே 'கா' விட்டு, நாமே பழம் விட வேண்டும். இன்றைக்கு மூன்று டிபார்ட்மென்ட் அடித்துக்கொண்டால் நடுவே போய் என்னால் பேச முடிகிறது என்றால், அது அந்த முக்கால் மணி நேரத்தில் கற்றது.

எல்லாமே பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. என் அக்காவுக்கு அந்தத் தெரு பன்னிரண்டு வயதோடு மூடிவிட்டது. நாங்கள் ஐஸ்பாய் ஆடிய சாயங்காலங்களில் அவள் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று, யார் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று கண்ணால் ஜாடை காட்டுவாள். அப்பா எங்களைச் சும்மா விட்டது தத்துவம் படித்து அல்ல. அவருக்கு நேரமில்லை, எங்களுக்குத் தெரு இருந்தது. அவ்வளவுதான்.

அந்தத் தெருவில் ஓர் ஏற்பாடு உண்டு. 'சா பூ த்ரீ' போட்டு அணி பிரித்தபிறகு ஏதாவது ஒரு குட்டித் தம்பி, "நானும்" என்று அழுதுகொண்டு நிற்பான். அவனை 'ஒப்புக்குச் சப்பாணி'யாகச் சேர்த்துக்கொள்வோம். வார்த்தை இன்றைக்குக் காதுக்கு அவ்வளவு நன்றாக இல்லைதான். ஏற்பாடு என்னவோ அருமையான ஏற்பாடு. அவன் ஓடலாம், ஒளியலாம், கத்தலாம். அவுட் ஆனாலும் அவுட் இல்லை. ஜெயித்தாலும் கணக்கில் வராது. அவனுக்கு வேண்டியது ஆட்டத்துக்குள் இருப்பது ஒன்றுதான். அது கிடைத்துவிடும்.

சின்னவள் ஒரு நாள் அண்ணன் ஆட்டத்தில் சேர்க்கவில்லை என்று அழுதபோது, இதைத்தான் பையனுக்கு விளக்கிச் சொன்னேன். அவன் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டான். பின்னால் என் மேலேயே பிரயோகிப்பான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

* * *

எங்கள் ஃப்ளாட்ஸில் பிள்ளைகள் விளையாட இருக்கும் ஒரே இடம் கார் பார்க்கிங். அங்கே ஒரு போர்டு. 'இங்கே பந்து விளையாடக் கூடாது. மீறினால் பந்து பறிமுதல் செய்யப்படும். இப்படிக்கு, இணைச் செயலாளர்.'

அந்த இணைச் செயலாளர் அடியேன்தான். பறிமுதல் செய்த பந்துகள் நாலும் எங்கள் வீட்டுப் பரணில்தான் இருந்தன.

அடுத்த அசோஸியேஷன் கூட்டத்தில் நானே எழுந்து, போர்டை எடுத்துவிடலாம் என்றேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். "கார் கண்ணாடி உடைஞ்சா யார் சார் பொறுப்பு?" என்று கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. ஒன்றரை மணி நேரம் பேசி, டீ இரண்டு ரவுண்டு குடித்து, ஒரு முடிவுக்கு வந்தோம். ஐந்திலிருந்து ஏழு வரை, ஸ்பாஞ்சு பந்து, கண்ணாடி உடைந்தால் உடைத்த பிள்ளையின் அப்பா பொறுப்பு. பரணிலிருந்த பந்துகளை ஒரு பையில் போட்டுக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். பிள்ளைகள் வாங்கிக்கொண்டார்கள். எவனும் தாங்க்ஸ் சொல்லவில்லை. திருட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் போலீஸ்கூடத் தாங்க்ஸ் சொல்லாது. இதுவரை உடைந்தது ஒரே ஒரு கண்ணாடி. என் பைக் கண்ணாடி. உடைத்தது என் மகன்!

வகுப்புகளில் கத்தரி போட, பையனையே கூப்பிட்டுக் கேட்டேன். நீச்சல் வேண்டும் என்றான். செஸ்ஸும் வேண்டும், ஆனால் வீட்டில், என்னோடு என்றான். அபாகஸ், கீபோர்டு, ஹேண்ட்ரைட்டிங் போயின. ஹிந்திக்கு மட்டும் பேச்சுவார்த்தை நடக்கிறது. இந்த டெர்மில் கணக்கில் நாலு மார்க் குறைந்தது. அந்த ராத்திரி எனக்குள் இருந்த மேனேஜர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். படுக்க வைக்க மனைவி ரொம்பப் பாடுபட வேண்டியிருந்தது. அவர் நிரந்தரமாக ரிட்டயர் ஆகிவிட்டார் என்று நான் பொய் சொல்லப்போவதில்லை.

ஒரு சனிக்கிழமை கீழே இறங்கிப் போனேன். 'சா பூ த்ரீ' முடிந்து இரண்டு அணியும் பிரிந்திருந்தது. நான் ஆறு அடி உயரத்தில் அசடு வழிய நின்றேன். பிள்ளைகள் தயங்கினார்கள். இணைச் செயலாளர் அல்லவா? அப்போது என் மகன் சொன்னான்:

"எங்க அப்பாவை ஒப்புக்குச் சப்பாணியா வெச்சுக்கலாம்டா. பாவம்."

முக்கால் மணி நேரம் ஓடினேன். யாருக்கும் எல்போவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நாலு தடவை அவுட் ஆனேன். ஒன்றுகூடக் கணக்கில் வரவில்லை. காலேஜை விட்டு வந்த பிறகு, எந்தக் கணக்கிலும் சேராத முக்கால் மணி நேரம் எனக்கு அதுதான்.

* * *

போன வாரம் ஒரு சாயங்காலம். பைக்கில்தான் வந்தேன். சைலன்சர் வேறு ஓட்டையாகிவிட்டதால் வழக்கத்தை விட உறுமல் ஜாஸ்தி. ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, மாடி ஏறினேன். ஏற ஏற என் காது மேலேயே இருந்தது. நாற்காலி இழுபடும் சத்தம் வருமோ என்று, சொன்னால் நம்பமாட்டீர்கள், ரிசல்ட் பார்க்கப் போகிறவன் மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது.

விசில் சத்தம் நிற்கவில்லை.

கதவைத் திறந்தேன். தாம்பாளம் சுழன்றுகொண்டிருந்தது. பொம்மைக்கு டிக்கெட் உண்டா இல்லையா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கண்டக்டர் என்னைப் பார்த்தார். பஸ்ஸை நிறுத்தவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

"சார், டிக்கெட்! லேடீஸுக்கு மட்டும்தான் ஃப்ரீ. சில்லறையாக் குடுங்க."

இரண்டு ரூபாய்க் காசு ஒன்று கொடுத்தேன். ஹேண்ட்பேக்கிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்துக் கொடுத்தான். வழவழப்பான காகிதம். திருப்பிப் பார்த்தேன். மஞ்சள் கட்டம். '7.10 – 7.30' என்று என் ஆபீஸ் பிரிண்டரின் எழுத்து. ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தேன். வெறிச்சென்று இருந்தது.

"என்ன சார் அங்கேயே நின்னுக்கிட்டு?" என்றான் கண்டக்டர். "படியில நிக்காதீங்க, உள்ள வாங்க, உள்ள வாங்க. உள்ள சீட்டு காலியாத்தான் இருக்கு."